பச்சை வயர்

"பிளக்கைத் திறந்து காட்டுங்கப்பா."

மேடைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயர் அடுக்கின் முன் குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஞானையன் தலையைத் திருப்பவில்லை. காதில் விழாதது போல இருந்தார். நூறடி தூரத்தில் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸின் ஒரு ஸ்குரு தளர்ந்து அதிர்ந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுகிற காது அது.

ஷெமி ஓர் எட்டு முன்னால் வந்தாள். "அந்தக் கிட்டார் ஆம்புக்க பிளக்கு. நீங்களே திறங்க. நான் திறக்க மாட்டேன்."

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பாறசாலையில் வேனில் சோற்றுப் பாத்திரங்களை ஏற்றும்போது சொன்னாள். பாலராமபுரம் தாண்டும்போது, முன்சீட்டில் அப்பாவுக்குக் கேட்காமல், காதோரம் குனிந்து மறுபடியும் சொன்னாள். "பிணங்கி இரு, முகத்தைத் தூக்கி வச்சுக்க, கையெழுத்து போட மாட்டேன்னு ஒரு மணிக்கூர் வாசி பிடி. பிளக்கைத் திறக்கச் சொல்லாத. மனுசனுக்க நெஞ்சு அதுக்கு மேல தாங்காது."

ஞானையன் எழுந்தார். முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"திறந்தா என்ன இருக்கும்? வயரு இருக்கும்."

"எத்தன வயரு?"

"நீ எஞ்சினியரு. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது." அவர் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "லேய் பிபினே, இவளுக்கு ஒரு சாயா வாங்கிக் குடு. வெயிலு தலைக்கு ஏறிப்போச்சு."

மேடையின் வலப்பக்கக் கம்பிக் கோபுரத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் பிபின் சிரித்தான். "அவ எஞ்சினியரம்மா இல்லா? எறும்பு கடிச்சாலும் எர்த் உண்டான்னு கேப்பா."

கழக்கூட்டம் போகிற வழியில் இருக்கிற ஸ்டேடியம். சாயங்காலம் ஆறரைக்குப் பாட்டுக் கச்சேரி, முப்பதாயிரம் பேர் வரப்போகிறார்கள் என்று பேச்சு. கோயில் உற்சவமும் சபைக் கன்வென்ஷனும் கல்யாணமுமாக இருபத்தாறு வருடம் ஓட்டிய ஞானையனுக்கு முதல் ஸ்டேடியம். காலை ஏழு மணிக்கே வேனும் இரண்டு வாடகை லாரியும் வந்துவிட்டன. புல் கெட்டுவிடக்கூடாது என்று மைதானம் முழுக்கப் பிளாஸ்டிக் பலகை விரித்திருந்தார்கள். நடுவில் கிரிக்கெட் பிட்ச் இருக்கிற இடத்தைக் கயிறு கட்டி அடைத்து, ஒருவன் விசிலோடு காவல் நின்றான். காலை அந்தப் பக்கம் வைத்தாலே விசில். காலி கேலரியில் சிமென்ட் படிகள் வெயிலைத் திருப்பி அடித்தன. ஒருவன் பாக்ஸைத் தொம்மென்று இறக்கினால் அந்தச் சத்தம் எதிர்ப்பக்கம் போய் முட்டி, சற்றுக் கழித்துத் திரும்பி வந்து அவனிடமே கேட்டது.

ஷெமியின் தோள்பையில் ஒரு படிவம் இருந்தது. ஸ்டேடியம் ஆபீசில் ஹரிகுமார் என்ற அதிகாரி கொடுத்தது. ஜெனரேட்டர், கேபிள், ஃபியூஸ், எர்த் என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றிலும் டிக் அடித்து, கீழே லைசென்ஸ் உள்ள ஒரு எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். நாலு மணிக்குள் கொடுக்காவிட்டால் மேடைக்குக் கரண்ட் இல்லை. ஞானையன் எட்டாம் கிளாஸ். பிபின் பிளஸ் டூ. அந்தக் குடும்பத்தில், இரண்டு பக்கத்துச் சொந்தத்தையும் சேர்த்து, கல்லூரிப் படியேறி லைசென்ஸும் எடுத்த ஒரே ஆள் ஷெமி. வேனின் பக்கவாட்டில் ‘ஞானையன் சவுண்ட்ஸ்’ என்ற பெயருக்குக் கீழே, புது மஞ்சள் பெயின்டில், ‘எஞ்சினியர்: ஷெமி, பி.டெக்’ என்று எழுதியிருந்தது. ஸ்டேடியம் கிடைத்ததே அந்த வரியால்தான்.

மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளுக்குப் போவது பச்சை வயர். அது பூமிக்குப் போகிற வழி. சாமானுக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால், அது தொட்டவன் உடம்பில் ஏறாமல் மண்ணுக்குள் இறங்கிப் போக வைப்பது அதுதான். ஆனால் சவுண்ட் வேலையில் அதற்கு ஒரு தொல்லை உண்டு. மேடையில் ஓர் எர்த், மைதான நடுவே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் இருக்கிற இடத்தில் வேறோர் எர்த் என்று இரண்டாகிவிட்டால், எல்லா பாக்ஸ்களிலும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹம் என்பார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில், ஜெபத்தின் நடுவில், அது கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குச் சரியான மருந்து, மிக்சருக்கும் மேடையிலிருந்தே கரண்ட் கொண்டுவருவது. சுலபமான மருந்து, பிளக்கைத் திறந்து பச்சை வயரை வெட்டிவிடுவது. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை அத்தனை பேரும் செய்தது சுலபமானதைத்தான்.

ஞானையன் வீட்டில் அந்த வேலையை ஷெமி செய்தாள். சாலைக் கடைத்தெருவிலிருந்து புது சாமான் வந்து இறங்கினால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். பிளக்கைத் திறப்பாள். பச்சை வயரை ஒட்ட நறுக்குவாள். முனையில் சிவப்பு டேப்பை நாலு சுற்று சுற்றி, உள்ளே மடக்கி, மூடிவிடுவாள். வெளியே பார்த்தால் மூன்று முள்ளும் இருக்கும். எந்த அதிகாரியும் குறை சொல்ல முடியாது. அவள் விரல் சின்னது, வேலை சுத்தம். "எனக்க மவ சுத்தினா பிரியாது" என்று ஞானையன் வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார். அப்போது அவளுக்கு வயது பதிமூன்று. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் இன்னும் நூறு பிளக்கு வெட்டியிருப்பாள்.

போர்டுகளுக்கு சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று சுருள் வயர் வாங்கினால், பச்சைச் சுருள் மட்டும் அப்படியே மிஞ்சும். அதை அம்மா ராகேல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். பாவக்காய்ப் பந்தல் பச்சை வயரில் கட்டியது. கோழிக்கூட்டுக் கதவு, குலைவாழைக்கு முட்டுக் கொடுத்த கம்பு, குளிமுறித் தாழ்ப்பாள், கிறிஸ்துமசுக்கு மாமரத்தில் தொங்கும் ஸ்டார், எல்லாம் பச்சை வயர்தான்.

இரண்டாம் வருடம் கல்லூரியில் எர்த்திங் பாடம் வந்தது. ஷெமி அன்று பேருந்தில் முழு வழியும் நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். ஞானையன் சிரித்தார். "அந்த புக்கு எழுதினவன் ஒரு கன்வென்ஷன் நடத்தி இருக்கானா? பாஸ்டர் கண்ணை மூடி ஜெபிக்கயில ம்ம்ம்னு கேட்டா எவன் எனக்க மைக்கு செட்டை விளிப்பான்?" அவளும் சிரித்தாள். அத்தோடு விட்டாள். பரீட்சையில் அந்தக் கேள்விக்குப் பத்துக்குப் பத்து வாங்கினாள்.

மேடையில் பிரணவ் மைக் ஸ்டாண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இடது கையை உபயோகிக்கவில்லை. அந்தக் கையில் மூன்று விரல்கள் உள்நோக்கி மடங்கியே இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ரப்பர் செருப்புகள்.

"ஷெமி, உன் காலைக் காமி" என்றான்.

அவள் ஷூ போட்ட காலைத் தூக்கிக் காட்டினாள்.

"குட். அந்த லைட்டுக்காரன் வெறுங்காலோட ஏறிட்டான். கெட்ட வார்த்தைல திட்டி எறக்கிவிட்டேன். சாயங்காலம் கோரஸ் பாட பத்து பொண்கள் வருவா. அத்தனை பேர் காலும் நான் பார்த்தப்பறம்தான் மைக்கு."

"எத்தன ஜோடி வச்சிருக்க?"

"இருபது. சைஸ் ஆறுலேர்ந்து பத்துவரை. சிரிக்காதே. பட்டவனுக்குத்தான் தெரியும்."

அவள் சிரிக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன், மேட மாதம், ஒரு கோயில் மைதானத்தில் கச்சேரி. கிழக்கேகோட்டை அக்கிரகாரத்திலிருந்து வந்து கிட்டார் வாசித்துப் பாடுகிறவன் பிரணவ். மத்தியானம் கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேடை என்று தனியாக உயரம் இல்லை, மண்ணின் மேல் பலகை. அவன் அம்மா சூடாமணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "கோயில் பறம்புடா, செருப்போட நிக்காதே" என்று அங்கிருந்தே கையைக் காட்டினாள். அவன் கழற்றி ஓரமாக வைத்தான். இரண்டாவது பாட்டில் இடது கை கம்பிகளில் இருக்க, உதடு மைக்கில் தொட்டது. அவன் விழுந்த சத்தம் எல்லா பாக்ஸ்களிலும் கேட்டது.

ஈரம், வெறுங்கால் என்று ஞானையன் சொன்னார். வந்த போலீஸ்காரரும் அதையே எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஞானையன் மூன்று நாள் தரையில் படுத்துக் கிடந்தார். கிட்டார் போனபின் பிரணவுக்கு மேடை வேலை கொடுத்தார். எந்தப் புரோகிராம் ஆனாலும் அவன் முதல் ஆளாக இருக்க வேண்டும், அவன் சாப்பிட்ட பிறகே மற்றவர்கள். மாதம் மூன்று, நாலு ஜோடி புது ரப்பர் செருப்பு அவர்தான் வாங்கித் தருவார்.

விபத்துக்கு மறுநாள் அந்தக் கிட்டார் ஆம்ப் வீட்டுக்கு வந்தது. யாரும் இல்லாதபோது ஷெமி அதன் பிளக்கைத் திறந்தாள். சிவப்பு டேப், நாலு சுற்று. பிரியவில்லை. அவள் அந்தப் பிளக்கைக் கேபிளிலிருந்து வெட்டித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஞானையன் ஒன்றும் கேட்காமல் புதுப் பிளக்கு மாட்டினார். ஆறு மாதமாக அது அவள் பையின் அடியில் கிடக்கிறது, பேனாவோடும் பஸ் பாஸோடும். அந்த ஆறு மாதத்தில் இரண்டு இடத்துப் படிவங்களில் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

மத்தியானம் கேலரி நிழலில் ராகேல் பாத்திரங்களைத் திறந்தாள். வேகவைத்த மரச்சீனி, சாளைக் கறி, பயறு போட்ட கஞ்சி, காந்தாரி மிளகு இடித்த துவையல். வேலைக்காரர்கள் பாளைத் தட்டுகளில் வாங்கிக்கொண்டு படியெங்கும் உட்கார்ந்தார்கள். கிழக்கே மேகம் கட்டியிருந்தது. துலாவர்ஷத்து ஐப்பசி மழை நாலு மணிக்கு மேல்தான் வரும், வராமலும் போகும்.

"கேட்டுட்டியாக்கும்" என்றாள் ராகேல், மகள் தட்டில் மீனை வைத்தபடி.

"கேட்டேன்."

"அவரு கஞ்சி வேண்டாம்னுட்டாரு. சமாதானம் ஆச்சா உனக்கு?"

பிபின் வாயில் மரச்சீனியோடு பேசினான். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு இப்ப என்ன வேணும்?"

"மேடையில ஆளு தொடுற சாமானுக்கெல்லாம் எர்த் சேக்கணும். இருபத்திரெண்டு பிளக்கு. மிக்சருக்க கரண்ட ஸ்டேஜ்ல இருந்து எடுக்கணும். ரெண்டு ஆழ்ச்சை, பதினாலு நாளா சொல்லிட்டுக் கெடக்கேன்."

"கிரவுண்டுக்கு குறுக்க ஒரே ஒரு பாதைதான் தந்திருக்கான். அதுல பவர் கேபிள் போட சமயம் இல்ல. விசில்காரன் வேற."

"சமயம் இருந்துது. உனக்கும் அப்பாக்கும் மனசுதான் இல்ல."

"நீ கையெழுத்து போடாட்டா போ. ரெண்டு விளி விளிச்சா வேற லைசென்ஸ்காரன் வருவான். பின்ன வேன்ல எழுதி வச்சத மட்டும் நீயே வந்து அழிச்சிரு." அவன் தட்டை மடக்கிக்கொண்டு எழுந்து போனான்.

ஷெமி அம்மாவைப் பார்த்தாள். "கோழிக்கூட்டுக்குக் கயிறு கட்டியிருக்கீங்க."

"ஆமா."

"பந்தலுக்கும் கயிறு. குளிமுறிக்கும் கயிறு. பச்சை வயரெல்லாம் எங்க?"

"துருப்பிடிச்சுப் போச்சு."

"பிளாஸ்டிக் போட்ட வயரு துருப்பிடிக்குமாம்மா?"

ராகேல் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "அந்தப் பய ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, வீட்டுல எங்க திரும்பினாலும் பச்சையா கெடந்து என்னையே பாத்துது. ஒருநாள் எல்லாத்தையும் அறுத்து எடுத்து, கிணத்துக்குப் பின்னால குழி தோண்டி மூடினேன். அது மண்ணுக்குள்ளதான் போவணும்னு நீ சொல்லுவ இல்லா. போயாச்சு."

"அப்போ உங்களுக்கு முதல்லயே தெரியும்."

"உனக்கும்தான் தெரியும்." ராகேலின் குரல் உயரவில்லை. "நான் படிக்காதவ. குழி தோண்டுனேன். நீ படிச்சவ. ஆறு மாசம் நீ எங்க போயிருந்த?"

ஷெமி கையைக் கழுவினாள்.

டெஸ்டரையும் பிளையரையும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள். காலையில் திறக்க மாட்டேன் என்று சொன்னவள் முதல் பிளக்கைத் திறந்தாள். பழைய டேப்பை உரித்து, பச்சை வயரை நீட்டி, பெரிய முள்ளில் முறுக்கி இறுக்கினாள். உட்கார்ந்தபடியே அடுத்தது. சில பிளக்குகளில் பிபினின் கறுப்பு டேப் இருந்தது. பெரும்பாலானவற்றில் சிவப்பு. ஒவ்வொன்றிலும் நாலு சுற்று. தன் பழைய நோட்டுப் புத்தகத்தை யாரோ முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவது போல இருந்தது. மூன்று மணிக்குள் பதினாலு முடித்தாள்.

மூன்றேகாலுக்குச் சவுண்ட் செக். மைதான நடுவே மிக்சரில் பிபின் உட்கார்ந்து லெவலைத் தூக்கினான். தூக்கியதும் வந்தது. இரண்டு பக்கத்து பாக்ஸ்களிலும் ‘ம்ம்ம்’. காலி ஸ்டேடியம் அதை வாங்கி, கேலரியில் சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. வேலைக்காரர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாட்டுக்காரர்களோடு எறணாகுளத்திலிருந்து வந்த ஒருவன் காதைக் காட்டிச் சிரித்தான். "சேட்டா, தேனீச்சக்கூடு உண்டோ உள்ளில்?"

ஞானையனின் முகம் கறுத்தது. வேகமாக மேடைக்குப் பின்னால் வந்தார். மகள் பக்கம் பார்க்கவே இல்லை. "பிரணவே, டார்ச்சைப் பிடி மக்கா" என்றார். கிட்டார் ஆம்பின் பிளக்கைப் பிடுங்கினார். மடியில் வைத்துத் திருகினார். அவள் காலையில் கேட்டதை அவர் இப்போது செய்தார். பிளக்கைத் திறந்தார். அவள் அரைமணி முன்னால் சேர்த்த பச்சை வயரைப் பிளையரால் கவ்வி, ஒட்ட வெட்டினார்.

"அது என்ன அங்கிள்?" என்றான் பிரணவ், டார்ச்சைப் பிடித்தபடி.

"ஹம்முக்கு மருந்து."

மூடி மாட்டிச் செருகினார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அடுத்த பிளக்குக்குக் கை நீட்டினார். பிரணவ் வழக்கம்போல எழுந்து, தன் செருப்பைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, கிட்டார் கேபிளை ஒரு கையில் எடுத்துக்கொண்டு மைக்குக்குப் போனான்.

ஷெமி ஓடிப்போய்க் கிட்டார் ஆம்பின் பிளக்கைப் பிடுங்கினாள். "தொடாத."

"செருப்பு போட்டிருக்கேன்."

"போட்டா என்ன, போடாட்டா என்ன. தொடாத."

அவள் பையைத் தரையில் கொட்டினாள். படிவம், பேனா, பஸ் பாஸ், அடியில் கிடந்த கறுப்புப் பிளக்கு. அதை எடுத்து அவனுடைய வலது கையில் வைத்தாள். மூடி முன்பே கழன்றிருந்தது.

"ஷெமி" என்றார் ஞானையன். அவள் நிறுத்தவில்லை.

"நீ அன்னிக்கு வாசிச்ச ஆம்புக்க பிளக்கு இது. இந்தப் பச்சை வயரு வெட்டியிருக்கு பாத்தியா. இது இருந்திருந்தா ஃபியூஸ் போயிருக்கும். உனக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

பிரணவ் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "இந்த சிவப்பு டேப்பு?"

"நான் சுத்தினது. பதிமூணு வயசுல."

"மழை பெஞ்சிருந்தது."

"மழை இல்ல."

"நான் வெறுங்காலோட..."

"கரண்ட் கம்பி வழியா உன் இடது கையில வந்து, உதட்டுல இருந்து மைக்கு வழியா போச்சு. ஆஸ்பத்திரி சீட்டுல எழுதியிருக்கு, விரல்ல புண்ணு, கீழுதட்டுல புண்ணு. கால்ல ஒண்ணும் இல்ல. நீ ஷூ போட்டு நின்னிருந்தாலும் இதேதான் ஆயிருக்கும்."

பிரணவ் தன் தோள்பையைப் பார்த்தான். மெல்லக் கழற்றிக் கீழே வைத்தான். அதில் ஒரு செருப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளினான்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"மறுநாளே."

"ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிண்டு வந்தியே, அப்போ?"

"தெரியும்."

"அம்மா அழுதா. ‘நான்தான் கழட்டச் சொன்னேன், எம்புள்ள கையை நான்தான் பொசுக்கினேன்’னு. நீ அவ கையைப் பிடிச்சிண்டு, ‘சாரமில்ல மாமி, விடுங்க’ன்னே."

"சொன்னேன்."

"அவ இப்போ கோயிலுக்குப் போறதில்ல, தெரியுமோ. நடைவரை போவா. செருப்பைக் கழட்டக் குனிவா, அப்படியே திரும்பிடுவா. கைமுறுக்கு சுத்தறச்சேகூட அந்தப் பேச்சுதான். கழட்டச் சொல்லலேன்னா, கழட்டச் சொல்லலேன்னா..." அவன் நிறுத்தினான். குரல் உடையவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

ஞானையன் கையில் பிளையரோடு நின்றார். "மக்கா, நான் உன்னைக் கைவிட்டேனா? ஒரு நாளாவது விட்டேனா?"

"இல்ல அங்கிள். மாசாமாசம் செருப்பு வாங்கித் தந்தேள்."

ஷெமியிடம் திரும்பினான். "அம்மாட்ட நான் சொல்ல மாட்டேன். என்னால ஆகாது. நீ போய்ச் சொல்லு."

"போறேன்."

"இன்னிக்கே."

"இன்னிக்கே."

அவன் பிளக்கைத் திருப்பித் தரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேடையின் முன் படியில் இறங்கி, காலி நாற்காலிகளின் நடுவே போய் உட்கார்ந்தான். அவள் பக்கம் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் இல்லை, உறவு இல்லை, ஆனால் மேடைக்குப் பின்னால் ஒரே கிளாசில் சாயா குடித்துக்கொண்டவர்கள். அது முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

நாலாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹரிகுமார் வந்தார், கழுத்தில் அட்டையும் கையில் போனுமாக. "மோளே, ஆ பேப்பர் எவிடே? சமயம் ஆயி."

ராகேல் கேலரி நிழலிலிருந்து எழுந்து வந்து நின்றாள். பிபின் மிக்சரை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தான். ஷெமி தரையில் கிடந்த படிவத்தை எடுத்தாள். ஆம்ப் அடுக்கின் மேல் வைத்தாள். ஜெனரேட்டருக்கு டிக். கேபிளுக்கு டிக். ஃபியூசுக்கு டிக்.

"ஷெமி" என்றார் ஞானையன், மிகத் தாழ்ந்த குரலில். "இது ஒண்ணு கழியட்டும். கழிஞ்ச பெறவு எல்லா பிளக்கும் நானே சேக்கேன். நீ பக்கத்துல இருந்து பாரு."

"காலையில கேட்டேனேப்பா."

"ஹம் கேட்டா முப்பதாயிரம் பேரும் திரும்பிப் பாப்பான் மக்கா. ஷாக்கு எவனுக்க காதுலயும் விழாது. இருபத்தாறு வருசம் அந்தக் காதுகளுக்குப் பயந்துதான் நான் ஜீவிச்சேன்." பிளையரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எனக்கு உறக்கம் உண்டுன்னா நினைக்க?"

உறக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் புரண்டு படுப்பதை ஆறு மாதமாகக் கேட்கிறாள். அவள் இந்தப் பக்கம் புரள்வது அவருக்கும் கேட்டிருக்கும். ஒரு வீட்டில் நாலு பேர், நாலு பேருக்கும் தெரியும், ஒருவர் கயிறு கட்டினார், ஒருவர் செருப்பு வாங்கினார், ஒருவன் சிரித்துப் பேசினான், ஒருத்தி கையெழுத்துப் போட்டாள்.

எர்த் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். கீழே தன் பெயரை முழுதாக எழுதி, லைசென்ஸ் எண்ணைப் போட்டு, ஹரிகுமாரிடம் நீட்டினாள்.

"இது எந்தா? இல்லை என்னோ?"

"எர்த் இல்ல சார். ஒம்பது பிளக்குல இன்னும் சேக்கல. மிக்சருக்குக் கரண்ட ஸ்டேஜ்ல இருந்து எடுக்கணும். அது முடியும்வரை ஆளு தொடக் கூடாது. எழுதித் தந்திருக்கேன்."

ஹரிகுமார் படிவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

"குடும்பத்தோட கொண்டுபோய்க் குழியில போட்டுட்டியே" என்றான் பிபின். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்தவன் போலச் சொன்னான்.

ராகேல் மட்டும் அவள் பையைக் குனிந்து எடுத்து, கொட்டிக் கிடந்த பேனாவையும் பஸ் பாஸையும் உள்ளே போட்டுக் கொடுத்தாள். "கோட்டைக்காக்கும்?"

"ஆமா."

"அவ ஏதாவது சொன்னா வாங்கிக்க. பதிலு பறையாத."

ஷெமி பலகைகளின் மேல் நடந்தாள். கயிறு கட்டிய பிட்சைச் சுற்றிப் போனாள். விசில்காரன் இந்த முறை ஊதவில்லை. காலி நாற்காலிகளைக் கடந்தபோது பிரணவ் அங்கேயே உட்கார்ந்திருந்தான், மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு. பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "பிபினே, அந்தப் பிளக்குகள எல்லாம் எடுத்துட்டு வா." சேர்ப்பதற்கா, வெட்டுவதற்கா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு மாதம் திரும்பித் திரும்பிப் பார்த்தாகிவிட்டது.

கேட்டுக்கு வெளியே டிக்கெட் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். முதல் தூறல் விழுந்தது. கிழக்கேகோட்டை என்று போர்டு போட்ட பஸ் தூரத்தில் தெரிந்தது. அவள் நனைந்தபடியே கையைக் காட்டினாள். சூடாமணி மாமி வீட்டுக்குள் போக, வாசலில் அவள் ஷூவைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மாமி பார்த்துக்கொண்டு நிற்பாள்.